ஒன்றேமுக்கால் அங்குலம்

“கால் வேணுமா, ஹீல்ஸ் வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கய்யா.”

மூன்று வருஷத்துக்கு முன்னால் டாக்டரம்மா என்னிடம் கேட்டது இது. சர்க்கரைக்கு அவரிடம்தான் பார்க்கிறேன். அன்றைக்கு என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றை வைத்து உள்ளங்காலில் அங்கங்கே குத்திப் பார்த்தார். குத்தும்போது சொல்லவேண்டும் என்றார். நானும் காத்துக்கொண்டிருந்தேன். பொறுத்துப் பார்த்துவிட்டு, “எப்பம்மா ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டேன்.

“முடிஞ்சிருச்சுய்யா,” என்றார்.

பக்கத்தில் நின்ற என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. வலி தெரியாத கால் கிடைத்தால் நல்லதுதானே, நாளெல்லாம் நிற்கலாமே என்று நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன்.

“வலிச்சாத்தான்யா அது நம்ம காலு,” என்றார் டாக்டரம்மா. “இனிமே கல்லு குத்துனாலும் தெரியாது, முள்ளு குத்துனாலும் தெரியாது. புண்ணாகும். புரையோடும். அப்புறம் என்கிட்ட வந்து அழுது பிரயோசனமில்ல. இந்த பூட்ஸை இன்னையோட விட்ருங்க.”

சீட்டில் எழுதினார். எம்.சி.ஆர். செருப்பு. சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கிற மெத்தென்ற ரப்பர்ச் செருப்பு. தட்டையாக, ஒட்டுப்பட்டை வைத்து, பார்த்தாலே நோயாளி என்று நெற்றியில் எழுதி ஒட்டியது மாதிரி இருக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழவாசல் பக்கம் இரண்டு மாடியில் செருப்புக்கடை வைத்திருக்கிறவன் நான். எனக்குச் செருப்பு எழுதிக் கொடுக்கிறார் ஒரு டாக்டர்.

நான் யார் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். படித்தது நாலாம் வகுப்பு. பதினைந்து வயசில் மதுரைக்கு வந்தபோது கையில் ஒரு உளியும் ஒரு சுத்தியலும்தான். இன்றைக்கு என் கடையில் நிற்பவர்களில் பி.காம். படித்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார்கள். ஆண்கள் போடுகிற ஹீல்ஸ் என்றால் இந்த ஊரில் ஒரு காலத்தில் என் பெயரைத்தான் சொல்வார்கள். மற்றவர்களும் அடித்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. நான் அடித்தது மாதிரி நிற்காது.

என் சொந்த உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். ஊர் என்னைப் பார்த்த உயரம் அதைவிட ஒன்றேமுக்கால் அங்குலம் அதிகம். பத்தொன்பது வயசிலிருந்து அந்த ஒன்றேமுக்கால் அங்குலத்தின் மேல்தான் நின்றேன்.

தோல் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, ஆணி அடித்து, பின்பக்கம் லேசாக உள்வாங்கிச் சரிகிற மாதிரி சீவி எடுப்போம். நாங்கள் அதைச் சாய்வு ஹீல் என்போம். பெண்கள் போடுகிற பென்சில் ஹீல்ஸ் மாதிரி ஒல்லியாக இருக்காது. ஆம்பளை எடையைத் தாங்கவேண்டும், ஆனால் பலகைக்கட்டை மாதிரியும் தெரியக்கூடாது. அந்தச் சரிவில்தான் வேலை இருக்கிறது. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்த ஒருத்தர் என்னிடம் வாடிக்கையாக வருவார். அதற்கு கியூபன் ஹீல் என்று பெயர் என்று அவர்தான் சொன்னார். தைத்து முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து கதை சொல்வார். ஹீல்ஸை முதலில் போட்டது பொம்பளைகள் இல்லையாம். பாரசீகத்துக் குதிரை வீரர்களாம். சேணத்து வளையத்தில் கால் வழுக்காமல் நிற்க, குதிகாலில் ஒரு கட்டை. அதைப் பார்த்து வெள்ளைக்கார ராஜாக்கள் ஆசைப்பட்டார்கள். குதிரை ஏறாதவனும் போட்டான். பிரெஞ்சு ராஜா ஒருத்தர் சிவப்பு ஹீல்ஸ் போட்டாராம். அரண்மனைக்குள் வரப்போக உரிமை உள்ளவனைத் தவிர வேறு எவனும் அந்தச் சிவப்பைப் போடக்கூடாதாம்.

“எங்க ஊர்ல செருப்பே அப்படித்தான் சார்,” என்றேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

என் அப்பா ஊருக்கே செருப்புத் தைத்தவர். மதுரைக்குக் கிழக்கே ஒரு ஊர், பெயர் வேண்டாம். மேலத்தெரு வழியாகப் போகும்போது தன் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். அந்தத் தெருவில் இருந்த அத்தனை செருப்பும் அவர் கை பட்டது. நான் மதுரையில் வேலை கற்று, முதல் சாய்வு ஹீல்ஸை எனக்கே அடித்துப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். அந்தத் தெருவிலேயே நடந்தேன். அப்போதுதான் சிமெண்டுத் தளம் போட்டிருந்தார்கள். டக், டக் என்று கேட்டது. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. பட்டணத்துப் பையன், பெல்பாட்டம், இனி என்ன சொல்வது என்று விட்டார்களோ என்னவோ. தெரு முடிந்ததும் திரும்பிப் பார்த்தேன். பின்னாலேயே வந்துகொண்டிருந்தார் அப்பா, செருப்பைக் கக்கத்தில் வைத்தபடி.

எனக்கு ஹீல்ஸ் எதற்கு என்று சரித்திர வாத்தியார் கேட்கவே இல்லை. கெட்டிக்காரர்.

பெல்பாட்டம் காலம் என்னைத் தூக்கிவிட்டது. என் பெட்டிக்கடைக்கு அடுத்த கடை ஒரு சௌராஷ்டிரத் தையல்காரருடையது. வீட்டு ஆட்களிடம் அவர்கள் பாஷை, என்னிடம் மதுரைத் தமிழ். என்னைவிட நாலு வயது மூத்தவர், ஆனாலும் என்னை மாப்ள என்பார், நான் அவரை அண்ணே என்பேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பெல்பாட்டம் தைக்க வருகிறவனிடம் அவர் டேப்பை எடுக்க மாட்டார். “மொதல்ல பக்கத்துல போய் ஹீல்ஸை அடிச்சுப் போட்டுட்டு வாங்க, அப்புறம் அளவெடுப்போம்” என்று என்னிடம் அனுப்பிவிடுவார். புது ஹீல்ஸோடு நிறுத்தி, குதிகாலை மூடி, தரைக்கு அரை அங்குலம் மேலே முடிகிற மாதிரி வெட்டுவார். அதற்கப்புறம் அவன் ஹீல்ஸைக் கழற்றினால் பேண்ட் தெருவைக் கூட்டும். தேய்ந்தால் மறுபடி என்னிடம்தான் வரவேண்டும்.

அப்புறம் பெல்பாட்டம் போனது. விளையாட்டு ஷூ வந்தது. எவனும் நின்ற இடத்தில் நிற்கவில்லை, நானும் நிற்கவில்லை. ஆக்ராவிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் ரெடிமேட் எடுத்து விற்றேன், கட்டடம் கட்டினேன். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. இப்போது வரவேற்புக்கு கோட் போடுகிற மாப்பிள்ளைகள் உள்ளுக்குள் மறைத்து வைக்கிற உயரக்கட்டை கேட்கிறார்கள். அதையும் விற்கிறேன். ஆனால் என் காலுக்கு மட்டும் நான்தான் அடிப்பேன். வருஷத்துக்கு ஒரு ஜோடி.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த செருப்பை வாங்கினேன். வீட்டுக்குள் போட்டேன். கடைக்குப் போகும்போது மாற்றிக்கொண்டேன். அப்படியே இரண்டு வருஷம் ஓட்டினேன். மனைவிக்குத் தெரியும். சண்டை போடுவாள்.

“யாரு அங்க உங்களை அளவெடுக்கப் போறா?” என்பாள். “ஊருக்கு வேணா உங்க உயரம் தெரியாம இருக்கலாம். மணவறையில வெறுங்காலோட பக்கத்துல நின்னவ நான்.”

“நீ பாத்தா பரவால்லடி.”

“அப்ப யாரு பாத்தா போயிருமாம்?”

நான் பூட்ஸை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவேன்.

போன வருஷம் என் மகள் வயிற்றுப் பேத்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு நாலெழுத்துப் படித்த குடும்பம், அப்பா அம்மா இரண்டு பேரும் உத்தியோகம். நாங்கள் தோல் வேலைக் குடும்பம் என்று தெரிந்தேதான் பெண் எடுத்தார்கள். அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டவும் செய்தார்கள். “நாங்க அதெல்லாம் பாக்குறதில்லைங்க” என்று மூன்று தடவை சொன்னார் மாப்பிள்ளையின் அப்பா, எங்கள் சம்பந்தி. பார்க்காதவர் ஒரு தடவை சொன்னால் போதாதா? அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். காலையில் முகூர்த்தம், பகலில் அதே மண்டபத்தில் வரவேற்பு. முகூர்த்தத்துக்கு எல்லாரும் வெறுங்கால். வரவேற்பு மேடையில் கோட்டும் சூட்டும் போட்டு, என் ஹீல்ஸில் நான் நிற்பேன்.

கோட்டுக்கு அளவெடுக்க என் தையல்கார நண்பரிடம்தான் போனேன். கடையை மகன்களிடம் விட்டுவிட்டார், எனக்கு மட்டும் டேப் எடுப்பார்.

“சாக்ஸோட நிக்கவா, பூட்ஸோடயா?” என்றேன்.

“இன்னுமா மாப்ள விடல? இந்த வயசுல எந்தப் பொண்ணு உன்னைப் பாக்கப் போவுது?”

“பொண்ணு இல்லண்ணே. சம்பந்தி.”

முட்டி போட்டுக் குனிந்து பேண்ட் நீளம் அளந்தார். எழுந்திருக்கும்போது என் காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். அவர் பிடித்தது எனக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

பூட்ஸின் ஹீல்ஸ் அடிப்பக்கம் தேய்ந்திருந்தது. புதுசு அடிக்க நாள் இல்லை. அடித்தோலை மட்டும் பெயர்த்துவிட்டு வேறு தோல் போடுவது அரை மணி நேர வேலை. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் கடை மாடியில் உட்கார்ந்து நானே செய்தேன்.

இதை நான் எப்படிச் செய்தேன் என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு எங்கே தப்பியது என்பது அதில்தான் இருக்கிறது.

ஆணியை நான் அளந்து எடுத்ததே இல்லை. டப்பாவுக்குள் கையை விட்டு, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு உருட்டு உருட்டினால் போதும், ஒண்ணேமுக்கால் அங்குலமா, ரெண்டா, ரெண்டேகாலா என்று விரல் சொல்லிவிடும். பூட்ஸை இரும்புக்கட்டையில் கவிழ்த்து வைத்து, வெளியிலிருந்து ஐந்து ஆணி. ஆணி முனை உள்ளே இரும்பில் முட்டி மடங்கிக்கொள்ளும். அடித்து முடித்ததும் உள்ளே கையை விட்டுக் குதிகால் படுகிற இடத்தைத் தடவவேண்டும். முனை எதுவும் நிமிர்ந்து நின்றால் விரலில் தட்டும், தட்டிவிட வேண்டும். தடவாமல் எந்த ஜோடியையும் நான் கொடுத்தது கிடையாது. ஐம்பது வருஷத்தில் என் ஆணி ஒருத்தர் காலில் ஏறியதில்லை. இதை நான் எத்தனையோ பேரிடம் மார்தட்டிச் சொல்லியிருக்கிறேன். உண்மையும் அதுதான்.

அன்றைக்கும் டப்பாவில் கைவிட்டு உருட்டினேன். அன்றைக்கும் ஐந்து ஆணி. அன்றைக்கும் உள்ளே கையை விட்டுத் தடவினேன். விரல் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் சரி என்று எடுத்து வைத்தேன்.

காலுக்கு வந்தது கைக்கும் வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாதத்தைத்தான் டாக்டரம்மா குத்திப் பார்த்தார், விரலை யாரும் குத்திப் பார்க்கவில்லை. காபி டம்ளர் சுடுவது தெரியாமல் இருந்ததை வயசு என்று நினைத்தேன். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினதைக் கண்ணாடி மாற்றவேண்டும் என்று நினைத்தேன்.

கல்யாணத்தன்று, உடை மாற்றுகிற அறையில் பூட்ஸைக் கையில் எடுத்தபோது மனைவி வந்தாள்.

“குடுங்க, ஒரு தடவை நான் கையை விட்டுப் பாத்துடுறேன்.”

“எதுக்கு?”

“மண்ணுகிண்ணு இருக்கும்.”

“நேத்து அடிச்சது. என் கையால தடவி வச்சிருக்கேன். நீ என்ன எனக்குத் தொழில் சொல்லித் தாரியா?”

உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டாள். மூத்த மகள் கூப்பிட்டாள் என்று போனாள். அந்த ஒரு நிமிஷம் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

மேடையில் நாலு மணி நேரம் நின்றேன். வந்த ஆட்கள் எல்லாம் பெரிய ஆட்கள். கைகொடுத்தேன். சம்பந்தியின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். அவர் தோளும் என் தோளும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். மேடைக்குப் பலகை அடித்திருந்தார்கள், நடந்தால் சத்தம் நன்றாகக் கேட்டது. வேண்டுமென்றே இரண்டு தடவை குறுக்கே நடந்தேன். சம்பந்தி குனிந்து என் பூட்ஸைப் பார்த்தார்.

“எங்க வாங்குனீங்க? நல்லா இருக்கே.”

“வாங்கல. நான் செஞ்சது.”

“அப்படியா,” என்று இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். அந்தப் பார்வையில் ஏளனம் இல்லை. அதற்காகத்தான் நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். வலது குதிகாலில் ஏதோ ஈரமாக இருப்பது போல ஒரு நினைப்பு. வேர்வை என்று விட்டேன். அந்த நாலு மணி நேரமும் என் எடை முழுக்க ஒரு ஆணி முனையில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியவில்லை. சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். போட்டோவில் இருக்கிறது.

சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றினேன். சாக்ஸ் வரவில்லை. இழுத்தேன். கிழிந்து வந்தது. சாக்ஸ் கறுப்பு, அதனால் ரத்தம் தெரியவில்லை. தரையில் கால் வைத்த இடத்தில்தான் தெரிந்தது. என் மனைவி பூட்ஸை எடுத்து உள்ளே கையை விட்டாள். விட்ட வேகத்தில் எடுத்தாள். மறுபடி விட்டாள்.

“அரிசி மொனை அளவு நிக்குதுங்க,” என்றாள்.

நானும் வாங்கிக் கையை விட்டேன். என் விரலுக்கு அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. இடது கையையும் விட்டுப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. முனை மடங்காமல் நிமிர்ந்து நின்றது. கால் அங்குலம் கூடுதல் நீளமான ஆணியை எடுத்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த முதல் மாதம் செய்யவேண்டிய தப்பு.

உடனே டாக்டரம்மாவிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. எதை விடச் சொன்னாரோ அதைப் போட்டுக்கொண்டு போய்க் குத்து வாங்கி வந்திருக்கிறேன், எந்த முகத்தோடு போவது? தெருமுனையில் கட்டுக்கட்டுகிற ஒருத்தர் இருக்கிறார். அவரிடம் போனேன். மஞ்சள் மருந்து வைத்துக் கட்டினார். “சின்னத் துளைதான்ணே, மூடிரும்” என்றார். எனக்கு வேண்டியதும் அந்த வார்த்தைதான். தினமும் போனேன். தினமும் மூடிரும் என்றார். வலி இல்லை. வலி இல்லாத புண்ணை எவன் நம்புவான்?

“அந்தம்மாகிட்ட போவமுங்க,” என்று மனைவி காலையும் மாலையும் சொன்னாள். “திட்டுனா திட்டட்டும். நான் வாங்கிக்கிறேன் அந்தத் திட்டை.”

“நாளைக்குப் போவோம்.”

“உங்க நாளைக்கு எம்புட்டு நீளம்?”

ஒன்பது நாள் நீளம். ஒன்பதாம் நாள் குளிர்க் காய்ச்சல் வந்தது. கட்டைப் பிரித்தபோது வந்த வாடை எனக்குப் பழக்கமான வாடை. சிறுவயசில் அப்பா பதப்படுத்தத் தவறிய தோல் அப்படித்தான் நாறும். என் மனைவிக்கு அது தெரியாது, அவள் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். எனக்குத் தெரியும். அழுகிய தோலை மீட்க முடியாது, வெட்டி எறிந்துவிட்டு நல்ல இடத்திலிருந்து எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவிலேயே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. வெளியில் சொல்லவில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எப்பப் பட்டுச்சுய்யா? எதுல?” என்று கேட்டார்.

“கல்யாண மண்டபத்துலம்மா. மேடைப் பலகையில ஏதோ ஆணி. எவனோ ஒழுங்கா அடிக்கல.”

சொல்லி முடித்தேன். மனைவி கொண்டு வந்திருந்த மஞ்சப்பையிலிருந்து அந்த வலது பூட்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. டாக்டரம்மா உறையில்லாத விரலை உள்ளே விடப் போனார், என் மனைவி, “பாத்தும்மா” என்றாள். அவர் மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். யார் அடித்த ஆணி என்று கேட்கவில்லை. என் கையை எடுத்துத் தன் மேஜையில் மல்லாத்தி, பழைய தூண்டில் நரம்பை எடுத்து விரல் நுனிகளில் குத்தினார். இந்தத் தடவை என்னைக் கண்ணை மூடச் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து விரலிலும் குத்தினார். பத்தும் வேறு யாருடைய விரலோ மாதிரி கிடந்தது.

“இதையாவது என்கிட்ட முன்னாடி சொல்லியிருக்கலாமேய்யா,” என்றார்.

“எனக்கே தெரியாதும்மா.”

எனக்கு வேலை கொடுத்தது, வீடு கட்டிக் கொடுத்தது அந்த விரல்கள்தான். கால் போகப்போகிறது என்று கேட்டபோது நான் உட்கார்ந்திருந்தேன். விரல் போய்விட்டது என்று தெரிந்தபோதுதான் படுக்க இடம் கேட்டேன்.

முதலில் குதிகாலை மட்டும் வெட்டி வழித்தார்கள். நிற்கவில்லை. எலும்பில் ஏறிவிட்டது என்றார்கள். ஒரு வாரம் கழித்து முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுத்தார்கள். கையெழுத்துப் போடச் சொன்னபோது பேனாவை இறுக்கிப் பிடித்தேனா என்று எனக்குத் தெரியவில்லை, கோடு கோணலாக விழுந்தது. பேத்தி மறுவீட்டுக்கு வந்த நேரம் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சம்பந்தி பார்க்க வந்தார். ஆப்பிள் வாங்கிவந்தார். போர்வைக்குக் கீழே ஒரு பக்கம் பள்ளமாக இருந்ததைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார், பாவம். படுத்துக் கிடப்பவனுக்கு உயரம் என்ன, உயரக் குறைவு என்ன?

அந்த பூட்ஸைப் பற்றி என் மகன் ஒரு நாள் கேட்டான், “எறிஞ்சிரவாப்பா?” என்று. எறிந்துவிடு என்றேன். இடது பூட்ஸையும் சேர்த்தா என்றான். அதை என்ன செய்யச் சொல்ல முடியும்? இரண்டையும் என்றேன்.

காயம் ஆற ஆறு மாதம் ஆனது. அதற்கப்புறம் செயற்கைக் கால் செய்கிற இடத்துக்கு என்னைச் சக்கர நாற்காலியில் கூட்டிப் போனாள் மனைவி. அளவெடுக்கிற தம்பிக்கு முப்பது வயசு இருக்கும். வேலை தெரிந்தவன். அவன் மாவுக்கட்டுக்கு மாவு கலக்குகிற விதம், கத்தி பிடிக்கிற விதம் எல்லாவற்றையும் பார்த்தேன். தொழில்காரனைத் தொழில்காரனுக்குத் தெரியும். அவனும் என் தொழிலைக் கேட்டுவிட்டு, “அப்ப நீங்களும் நம்ம ஆளுதான்யா, காலுக்கு அச்சு எடுக்குற ஆளு” என்றான். ரொம்ப நாள் கழித்து ஒருத்தன் என்னோடு சரிசமமாகப் பேசினான்.

ஒரு படிவத்தை எடுத்துக் கேள்வி கேட்டான். வயசு, எடை, எந்த வேலை. பிறகு, “ஹீல் எம்புட்டு உயரம்யா போடுவீங்க?” என்றான்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “ஏன் தம்பி? ஹீல்ஸ் வச்சும் செய்வீங்களா?”

“செய்யலாம்யா. எம்புட்டு உயரத்துல நிக்கப் போறீங்களோ அதுக்குத் தக்கன பாதத்தைச் சாய்ச்சு வச்சுருவோம்.”

“ஒன்றேமுக்கால் அங்குலம்?”

“அதுவும் வைக்கலாம்.” பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். “ஆனா ஒண்ணு. வச்சா வச்சதுதான். இது நம்ம சொந்தக் கணுக்கால் மாதிரி மடங்காது. ஹீல்ஸுக்குச் செஞ்சுட்டா அப்புறம் வெறுங்காலோட நிக்க முடியாது, பின்னால சாய்ஞ்சு விழுந்துருவீங்க. வீட்டுக்குள்ளயும் பூட்ஸு, கோயிலுக்குப் போனாலும் பூட்ஸு. எளவு வீட்டுக்குப் போனாலும் கழட்ட முடியாது.”

“சரி.”

“இருங்க. இன்னொண்ணு இருக்கு. வலதுக்கு ஹீல்ஸு வச்சா இடதுக்கும் அதே உயரம் போட்டாத்தான் நடக்க முடியும்.” குனிந்து, ஒட்டுப்பட்டைச் செருப்புக்குள் இருந்த என் இடது காலைக் கையில் எடுத்தான். கட்டைவிரலை அழுத்தினான். “இது தெரியுதாய்யா?”

தெரியவில்லை. என் மனைவி நாற்காலியின் பின்னால் நின்றாள். அவள் கை என் தோளில் இருந்தது, அது தெரிந்தது. அவள் எதுவும் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மூன்று வருஷமாகச் சொல்லி முடித்துவிட்டாள்.

எதிர்ச் சுவரோரம் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கால்கள் சாய்த்து வைத்திருந்தார்கள். பழுப்பு நிறத்தில், விரல்கூட வைத்து அச்சு வார்த்தவை. எல்லாமே வெறுங்கால்கள். எல்லாமே தட்டை. வேலை சுத்தமாக இருந்தது, குறை சொல்ல முடியாது.

“வெறுங்காலுக்கே செய்ங்க தம்பி,” என்றேன்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பின்னால மாத்த முடியாது.”

“யோசிச்சாச்சு.”

ஹீல் உயரம் என்று அச்சடித்திருந்த இடத்தில் அவன் ஒரு பூஜ்யம் போட்டான். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து, வலது முழங்காலுக்குக் கீழே மிச்சமிருந்த காலின் சுற்றளவை எடுக்க டேப்பைப் பிரித்தான்.